புஜைரா மேஜையில் என் வீட்டுக் கெரிஸ்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் துபாய் தேராவிலிருந்து என் மகன் யூசுபின் காரில் கிளம்பினோம். புஜைரா நூற்றிருபது கிலோமீட்டர். என் மடியில் பச்சைப் பட்டில் சுற்றிய கெரிஸ். பாம்பு போல் நெளிந்த மலாய்க் குத்துவாள் அது. மலேசியாவில், கிள்ளானில் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரருக்கு அங்கத்திய சிநேகிதர் ஒருவர் கொடுத்தது. என் வீட்டுக்காரர் மௌத்தாகிப் போய்ப் பதினோரு வருடம். உரிய தாளெல்லாம் வாங்கி யூசுப்தான் அதை எங்களூர் காயல்பட்டினத்திலிருந்து தருவித்தான்.

புஜைராவில் எண்ணெய்க் கிடங்கு வேலையில் இருக்கும் மலாய்க்காரர்கள், தங்களிடமுள்ள கெரிசுகளை வைத்துச் சிநேகமாக ஒரு போட்டி நடத்துகிறார்கள். யாரும் கொண்டுவரலாம். முதல் பரிசு எனக்குத்தான் என்றே போனேன்.

எட்டு மணிக்கு மலைப்பாதைக் கடையில் கரக் டீ குடித்தோம். ஒரு கோப்பை இரண்டு திர்ஹம். சுற்றிலும் புல்பூண்டு இல்லாத மலை.

"பரிசு கிடைக்கலேன்னா அழக் கூடாது உம்மா."

"ஓட்டப் பந்தயத்துல கடைசியா வந்து அழுதது நீ. என் கெரிஸ் கண்ணாடிடா, முகம் பார்க்கலாம்."

ஒன்பதேகாலுக்கு மண்டபம் சேர்ந்தோம். மஞ்சள் துணி விரித்த மேஜையில் பதினான்கு கெரிஸ். என்னுடையதைத் தவிர எல்லாம் கறுத்துக் கிடந்தன. பாவம், இவர்கள் வீட்டில் துலக்க ஆளில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவர் ஹாஷிம் தலை நரைத்தவர். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் எடுத்து, நெற்றியில் ஒற்றி, மெல்ல உருவினார். என்னுடையதைப் பாதி உருவியதும் கை நின்றுவிட்டது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு யூசுபிடம் இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார்.

"அழகா இருக்காம் உம்மா."

"இவ்வளவு நேரமும் அழகுன்னா சொன்னார்? முழுசாச் சொல்லு."

யூசுப் தலை குனிந்துகொண்டான். "இரும்புக்குள்ள வெள்ளியா வரி ஓடுமாம், மணல்ல காத்து போட்ட கோடு மாதிரி. அதுக்குத்தான் மதிப்பாம். இதுல எல்லாம் தேஞ்சு போச்சாம். யாரோ ரொம்ப வருஷம் தேச்சிருக்காங்களாம்."

"யாரோ என்னடா யாரோ? நான்தான்னு சொல்லு."

"கலாஸ், போதும் உம்மா, விடுங்க."

"சொல்லுடா."

சொன்னான். ஹாஷிம் பக்கத்துக் கெரிசை என் முன்னால் உருவிக் காட்டினார். கறுப்பு இரும்பில் அந்த வரிகள் ஓடின. அப்படியொன்றை நான் என் கெரிசில் பார்த்ததே இல்லை.

"தேய்க்காதேன்னு வாப்பா ஒண்ணும் சொல்லலியான்னு கேக்குறார் உம்மா."

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

உறையின் மரவேலைக்கு மூன்றாம் பரிசு தந்தார்கள். ஹாஷிம் என் கெரிசுக்கு எண்ணெய் தடவி, எல்லாவற்றையும் போலவே அதையும் நெற்றியில் ஒற்றித்தான் என் கையில் கொடுத்தார்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பினோம். கார் மலை ஏறும்போதுதான் நினைவு வந்தது. நோன்புக்கு முன்னால் செம்புப் பாத்திரங்களோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டு இதையும் வருடாவருடம் தேய்ப்பேன். கிள்ளானிலிருந்து ஊருக்கு வந்திருந்தால் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நிற்பார். "இந்தத் தடவை விடேன், உனக்குக் கை எரியும்" என்பார். என் கைமேல் எவ்வளவு கரிசனம் என்று பூரித்து, இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். முடிந்ததும் அவர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்ப்பார். "நல்லா மின்னுது" என்று மட்டும் சொல்வார்.

மசாஃபி ஊரைத் தாண்டியதும் உறையைத் தளர்த்திப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.