திருவாதிரை மங்கவில்லை

சித்தூரில் பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சம். அப்படிப்பட்டவள் நட்சத்திரங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கணவர் ரயில் எஞ்சின் ஓட்டுபவர். குடியிருப்பது ரேணிகுண்டாவில். அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் இருட்டியதும் மொட்டை மாடிக்குப் போவோம். திருப்பதிப் பக்கம் வானம் வெளுத்திருக்கும். ஏர்பேட்டுப் பக்கம் நல்ல இருட்டு.

சில நட்சத்திரங்களின் ஒளி கூடும், குறையும். அதை ஒளி மாறாத பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு எண்ணாகச் சொல்ல வேண்டும். மாறாதவற்றின் எண் பட்டியலில் இருக்கும். எண் பெரிதானால் ஒளி குறைவு. இப்படிப் பார்க்கிறவர்களின் குழு ஒன்று போனில் இருக்கிறது. நாங்களும் ஆளுக்கொரு எண் அனுப்பி வந்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே விளையாட்டு இது.

அந்த மாசியில், திருவாதிரை மங்குகிறது என்றார். சிவந்த நட்சத்திரம் அது. மங்கக்கூடியதும்தான்.

"நல்லா பாருமே, மங்கிக்கினே வருது."

"எனக்கு அப்டியேதாங்க கீது."

"உன்னுது அரிசில கல்லு பொறுக்கற கண்ணு. ஆகாசத்துக்கு ஒத்துவராது."

"பொறுக்காம வடிச்சா துன்றது யாராம்?"

சிரித்தார். ஆனால் குழுவில் மற்றவர்களின் எண்களும் என்னுடையதைப் போலத்தான் இருந்தன. அவருடையது மட்டும் வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டே போனது.

பட்டியல்தான் தப்பு என்று சொல்ல ஆரம்பித்தார். நானும் மற்றவர்களும் திருவாதிரையை ரோகிணியோடு ஒப்பிடுவோம். ரோகிணியும் சிவப்பு. அவர் ஒப்பிடுவது ஒரு வெள்ளை நட்சத்திரத்தோடு. பட்டியலுக்காக நட்சத்திரங்களை அளக்கும் கருவி நம் கண்ணைவிடச் சிவப்பை அதிகமாக வாங்கும். அதனால் கருவி தந்த எண்ணோடு கொஞ்சம் கூட்டினால்தான் சிவப்பு நட்சத்திரத்துக்குக் கண் காணும் எண் வரும். ரோகிணிக்கு அதைக் கூட்ட மறந்திருப்பார்கள், அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் திருவாதிரை பிரகாசமாக வருகிறது என்றார்.

அவர் சொல்வது சரியாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கும் தோன்றியது. ரோகிணிக்குக் கருவி தந்த எண்ணை எடுத்து, நிறத்துக்கு உரியதைக் கூட்டிப் பார்த்தேன். பட்டியலில் இருந்த எண்ணே வந்தது. இன்னொரு தரம் கூட்டச் சொன்னார். அதேதான்.

மாடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். புனர்பூசத்தில் இரண்டு நட்சத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரிய இரண்டும் மாறுவதில்லை. ஒன்று லேசான சிவப்பு, மற்றது வெள்ளை.

"எது தூக்கலா கீதுமே?"

"செவப்புதான். இத கேக்கணுமா?"

பட்டியலும் அதைத்தான் சொல்கிறது. அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மற்றதை.

"எனக்கு வெள்ளதான் தூக்கலா கீது."

விளையாடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை.

"சிக்னல்லாம் தெரியுதுமே. ஒண்ணு கூட தப்ப விடல. ஆனா செவப்பு முன்ன மாதிரி கண்ணுல வந்து குத்தறதில்ல."

மறுநாள் காலையில் அவருக்கு டூட்டி. ரயில்வேயில் செய்யும் கண் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது. அவராகச் சொன்னால்தான் யாருக்கும் தெரியும். சொன்னால் எஞ்சினிலிருந்து இறக்கி எங்காவது மேசைக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். ரயில் ஓட்டுவதைத் தவிர வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டதில்லை.

"டெஸ்ட்டு வர்ற வரைக்கும் சொல்லாம இருந்தா…" என்று இழுத்தேன்.

"பின்னால அத்தன பேர் தூங்கிக்கினு வர்றாங்கமே."

படியில் இறங்கும்போது, "இன்னிக்கு உன் நம்பர் மட்டும் அனுப்பு. என்னுது வாணாம்" என்றார். அப்படியே செய்தேன்.

மறுநாள் காலை போனில் அதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு என்னோடு திருப்பதியில் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு கெட்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னார். இருக்கிற பார்வையாவது போகாமலிருக்கச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம்.