எந்தக் கீரை?

அண்ணனுக்கு வந்திருந்த நோய் சளியைப் போல ஒட்டிக்கொள்ளும் என்று முதலில் நம்பினேன். ஐம்பத்து மூன்று வயதான நான், செந்தூலில் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தேநீருக்கு என் சொந்த டம்ளரைக் கொண்டுபோனேன்.

அண்ணனுக்குச் சொற்கள் தேய்ந்துகொண்டிருந்தன. டாக்டர் காட்டிய படங்களில் கிளி, கொக்கு, வாத்து எல்லாமே அவருக்குக் கோழி. ஆடும் குதிரையும் நாய்.

"முதல்ல சின்னச் சின்ன வித்தியாசம் போகும். எல்லாத்துக்கும் ஒரே பேரு மிஞ்சும். அப்புறம் அது என்னன்னே தெரியாம போயிடும்," என்றார் டாக்டர்.

அடுத்த ஞாயிறு கிள்ளான் பாசாரில் கீரை கேட்டேன்.

"எந்தக் கீரைண்ணே?" என்றார் கடைக்கார அக்கா. "முளைக்கீரையா, பொன்னாங்கண்ணியா, பசலையா?"

பார்த்தேன். ஒரு பச்சை. பக்கத்தில் இன்னொரு பச்சை. டாக்டர் சொன்ன 'ஒரே பேரு' ஞாபகத்துக்கு வந்தது.

"கீரைதான்க்கா."

"விளையாடாதீங்கண்ணே, பின்னால ஆளு நிக்குது லா!"

காருக்குள் உட்கார்ந்து எனக்கு நானே பரீட்சை வைத்தேன். மீன் வகைகளைச் சொல்: பொரித்த மீன், மீன் குழம்பு, சம்பல் மீன். அதற்கு மேல் ஓடவில்லை. முடிந்தது கதை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தழுதழுத்தேன். "இனிமே நீதான் என்னைப் பாத்துக்கணும்."

"இப்ப மட்டும் யாரு பாத்துக்கிறாங்களாம்?" என்றவள், அதே டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்கு, பறவைகளின் பெயர்களைச் சொல்ல முடியும் என்று கேட்டார் டாக்டர். பதற்றத்தில் மூன்று மொழியும் கிளம்பிவிட்டது. "கோழி, ஆயாம், சிக்கன்..."

"மூணும் ஒண்ணுதான் சார்."

சுதாரித்துக்கொண்டு யானையில் தொடங்கி உடும்பு வரை ஓடினேன். டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"முன்னாடி இவருக்குக் கீரை பேரெல்லாம் தெரியுமா?"

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் டாக்டர். கொத்தமல்லி கேட்டா புதினாவோட வந்து நிப்பாரு."

"தெரிஞ்சது போனாத்தான் நான் பயப்படணும். இவருக்குத் தெரியவே தெரியாது," என்று டாக்டர் ஃபைலை மூடினார். மனைவி அவ்வளவு சந்தோஷமாக என்னை எங்கிருந்தும் வீட்டுக்குக் கூட்டிவந்ததில்லை.

எனக்கு ஒரு நோயும் இல்லை. அண்ணனுக்கு இருக்கிறது. அந்த மாதக் கடைசியில், எட்டு வருடமாகத் தாம் வளர்த்த பூனையைக் காட்டி, "இது என்னடா?" என்று கேட்டார். பூனை என்றேன்.

"பூனைன்னா?" என்றார்.