வெள்ளிக்கிழமையைத் தொலைத்த அக்காளும் தங்கையும்

வியாழக்கிழமை படுத்து எழுந்தால் சனிக்கிழமை. ஆஸ்திரேலியாக்காரனோடு வியாபாரம் செய்யத் தோதாக இருக்கட்டும் என்று சமோவா அரசு ஒரு வெள்ளிக்கிழமையை முழுசாக விழுங்கி ஏப்பம் விட்டது. மற்றவர்களுக்கென்ன, ஞாயிறு என்றால் கோயிலுக்குப் போகிறவர்கள். பிறந்தது முதல் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்து வந்த பெலெனிசேக்கும் அவள் தங்கை தாயிமானேக்கும்தான் தலை சுற்றியது.

"விரல் விட்டு எண்ணுங்க. ஆண்டவரோட ஏழாம் நாள் இனிமே ஞாயித்துக்கிழமையிலதான் விழுது" என்றார் அவர்கள் சபைப் போதகர். பெலெனிசே எண்ணினாள்: காணாமற்போன வெள்ளியின் இடத்தில் சனி ஆறாம் நாள், ஞாயிறு ஏழாம் நாள்; சரியாகத்தான் வந்தது. தாயிமானே எண்ணவே மாட்டேனென்று சொல்லிவிட்டு, சனிக்கிழமைதான் என்று அடம்பிடித்த நாலு குடும்பத்தோடு தனியே கூடினாள்.

"ஊரே சனிக்கிழமைங்குது, நீ மட்டும் வெள்ளிங்கிறே! சந்தையில அன்னைக்குத்தானே வியாபாரம்? அதான் கணக்கு உனக்கு இவ்வளவு சுளுவா வருது!"

தங்கை சொன்னது பெலெனிசேக்குச் சுருக்கென்று தைத்தது. முதல் தடவையாகச் சனிக்கிழமைச் சந்தையில் சேப்பங்கிழங்கு விற்றபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தானே இருந்தது? அவள் நம்பியது போதகரையா, சந்தையையா? பாவம், அவளுக்கே தெரியவில்லை. ஓய்வுநாள் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு வருவதைத் தங்கை அடியோடு நிறுத்திவிட்டாள்.

இப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெலெனிசே சந்தையிலிருந்து திரும்பும்போது வானம் கறுத்தது. பக்கத்து வீடுதான் தாயிமானே வீடு. அவள் ஆராதனைக்குப் போயிருந்தாள். முற்றத்துப் பாய்களில் அவளுடைய கொக்கோக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. நனைந்தால் அத்தனையும் பூசணம் பூத்துவிடும். தொடலாமா, கூடாதா? அட, மழை யாரைக் கேட்டுக்கொண்டு பெய்கிறது! பாய் பாயாக இழுத்துத் தங்கை வீட்டுக்குள் போட்டாள்.

தாயிமானே தொப்பலாக நனைந்து வந்து பார்த்தாள்.

"யாரு எடுக்கச் சொன்னா உன்னை? என் வாசல்ல, என் ஓய்வுநாள்ல வேலை செஞ்சிட்டியே! கொண்டுபோய் வெளியில போடு!"

"போடறதும் வேலைதானேடி?"

தாயிமானே பாயின் நுனியைப் பிடித்தாள், விட்டாள். தானே தூக்கிப் போடலாமென்றால் அதுவும் வேலை. பெலெனிசேக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தங்கை முகத்தில் வழிவது மழைத்தண்ணீர் மட்டுமல்ல என்று தெரிந்ததும் அடங்கிப்போனாள்.

"கொக்கோ போனாப் போகுதுக்கா. நீ தப்பான நாளைப் பிடிச்சிக்கிட்டு மோட்சத்துக்கு வராமப் போயிட்டா, அங்க நான் யாரு பக்கத்துல உக்காந்து சாப்பிடுவேன்?"

ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று, தங்கையைப் பற்றிப் பெலெனிசே ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்ததும் இதையேதான்.