காசிமின் கத்தரிக்கோல்

என் சின்ன வயதில் அடையாற்று வெள்ளம் எங்கள் குடிசையை இழுத்துக்கொண்டு போனதே, அதற்கு அடுத்த வருஷம், சைதாப்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள்தான் படித்தேன். அது நேற்று தி.நகரில் ஞாபகம் வந்தது. ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக பேத்தி அங்கே மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். வாசலில் காத்திருந்தேன். உள்ளே ஸ்கேலால் மேஜையைத் தட்டத் தட்ட, ஊசி, கட்டில் என்று தமிழில் சொல்லி அதற்கு ஜெர்மன் பேரை எல்லோரும் ஒரே ராகத்தில் ஒப்பித்தார்கள்.

எங்கள் இங்கிலீஷ் வாத்தியாரும் அப்படித்தான் தட்டுவார். "சிஸர்ஸ்னா கத்தரிக்கோல்" என்று கத்துவோம். பக்கத்தில் இருந்த காசிம் தையற்காரர் மகன், வீட்டில் உருது. அவனுக்கு அந்தத் தமிழ் வார்த்தையும் தெரியாது.

"கத்தரிக்கோல்னா இன்னா சார்?"

அடிதான் விழுந்தது.

மறுநாள் அப்பாவின் தையல் பெட்டியைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தான். மெழுகும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. "இதுல எது சார் சிஸர்ஸ்?"

"இன்னாடா நைனா, கடை போட வந்தியா?" என்று வாத்தியார் பெட்டியைத் தள்ளிவிட்டார். காசிம் குனிந்து ஊசிகளைப் பொறுக்கினான். கத்தரிக்கோல் வாத்தியாரின் காலடியிலேயே கிடந்தது. அவர் அதைத் தாண்டிப் போய், "சிஸர்ஸ், சொல்லுங்கடா" என்று தட்டினார். அதன்பிறகு காசிம் வரவேயில்லை.

பேத்தி வெளியே வந்தாள். "இன்னா தாத்தா, மூஞ்சி இப்டி கீது?"

"ஊசி ஊசின்னு கத்துனீங்களே, ஒரு ஊசியக் கையில குடுத்தாங்களா?"

"எல்லாம் போர்டுலதான் தாத்தா."

"நர்ஸுக்கு ஊசிய காட்டாம பேரு மட்டும் ஒரு கேடா? நாளைக்கு உங்க மிஸ்ஸாண்ட சொல்லு. பொருளக் கையில குடுத்துட்டு அப்பால பேரச் சொல்லணும். யாரு சொன்னான்னு கேட்டா, சைதாப்பேட்ட காசிம்னு சொல்லு."