கலையரசி போட்ட பூட்டு

தேவாரத்து விவசாயிகள் சங்கத்தில் கலையரசி ஆனை என்று சொன்னால் அது ஆனைதான். போடியில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றின் யுனிக்ஸ் சர்வர்களைக் கவனிக்கிறவள். சங்கத்துக்கும் சும்மா ஒரு சர்வர் அமைத்துக் கொடுத்து, மலையோரக் காடுகளில் ஐந்து கேமராக்களை அதில் கோத்துவிட்டிருந்தாள். ஏதாவது அசைந்தால் அவள் போனுக்குச் சேதி வரும். சர்வருக்குள் நுழைந்து படத்தைப் பார்ப்பாள். ஆனையாக இருந்தால் மட்டும் அந்தக் கேமராக் கம்பத்தில் மாட்டியிருக்கும் சைரனை அலறவிடுவாள்.

அந்த ‘மட்டும்’ அவளே போட்ட சட்டம். ஆரம்பத்தில் மாட்டுக்கெல்லாம் சைரன் அடித்து, சனங்கள் சலித்துப்போய்த் திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டார்கள். படம் பார்க்காமல் அடிக்கவே கூடாது என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். அப்புறம் இரண்டு வருசமாக ஒரு பொய்ச் சைரன்கூட இல்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

அன்றைக்குக் காலையில் எவனோ ஒருத்தன் சர்வரின் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. விடுவாளா? இருந்த வாசலையெல்லாம் அடைத்து, பாதுகாப்பான ஒரே வழியை மட்டும் வைத்தாள். படம் வருகிறதா என்று ஒருதரம் சோதித்தாள். வந்தது. இனிமேல் ஈ எறும்பு நுழையாது என்று சங்கத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுத் தன் சோலியைப் பார்த்தாள்.

சாயங்காலம் ஐந்தேகாலுக்கு மூணாம் கேமராவிலிருந்து சேதி வந்தது. சர்வரில் கேமராப் படம் காட்டும் படத்திரைக்குப் பாஸ்வேர்டு கொடுத்தாள். திரை ஒரு நொடி கறுத்து, மறுபடியும் பாஸ்வேர்டையே கேட்டது. திரும்பக் கொடுத்தாள், திரும்பக் கேட்டது. கட்டளைகளைத் தட்டி மட்டும் வேலை வாங்குகிற வெறும் எழுத்துத்திரை வழியாகப் போனால் மரியாதையாக உள்ளே விடுகிறது. படம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

மாடு வீடு திரும்புகிற நேரம், மாடாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே சங்கத்துக் காவல்காரர் சோணைக்குப் போன் போட்டாள். அவர் ஜீப்போடு தெக்குக் கோடியில் இருந்தார். மூணாம் கேமராப் பக்கம் போக எப்படியும் இருபது நிமிசம் ஆகும்.

"தங்கச்சி, உங்க ஆத்தா இப்பத்தான் அங்குட்டுப் புல்லறுக்கப் போச்சு," என்றார்.

வெரசாப் போங்கண்ணே என்றாள். ஆத்தாவைக் கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை. கருத்தம்மா போனைத் தேவாரத்து வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுக் காட்டுக்குப் போகிற ரகம்.

டிஸ்க்கில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. படத்திரை ஓடுகிறதா? ஓடுகிறது. காலையில் அடைத்த வாசல் ஒன்றைத் திறந்து பார்த்தாள். பிரயோசனமில்லை, வைதுகொண்டே அடைத்தாள். அதற்குள் இரண்டாவது சேதி, மூன்றாவது சேதி.  சைரன் அடிக்க இதே எழுத்துத்திரையில் ஒரு வரி போதும். அடித்து, அது மாடாக இருந்துவிட்டால்? நாளைக்கு நிஜ ஆனைக்கு எவன் ஓடுவான்? பெத்தவளைக் காட்டில் விட்டுவிட்டு இப்படி நியாயம் பேசிக்கொண்டிருந்தது புத்தி. சீ, நானும் ஒரு மகளா என்று அந்த வரியைத் தட்டிச் சைரனை அலறவிட்டாள்.

அப்புறம்தான் பிழைப் பதிவை நிதானமாகப் படிக்க முடிந்தது. படத்திரை திறக்கும்போது அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு சின்ன ஃபைலை எழுதும். அதை எழுத முடியவில்லை என்று அதில் இருந்தது. காலையில் அவசரத்தில் ரூட் என்கிற தலைமை அதிகாரத்தோடு படத்தைத் திறந்து சோதித்திருக்கிறாள். ஃபைல் ரூட் பேருக்குப் போய்விட்டது, அவள் பேரில் நுழைந்தால் அதைத் தொட முடியாது. எவனுக்கோ போட்ட பூட்டில் தானே மாட்டிக்கொண்டிருக்கிறாள். ஃபைலைத் தன் பேருக்கு மாற்றினாள். படம் வந்தது.

கொம்பன் ஆனை ஒன்று புல்லுக்கட்டைக் காலால் எத்திக்கொண்டு நின்றது. பக்கத்தில் அரிவாள் கிடந்தது. ஆளைக் காணோம்.

சோணையிடமிருந்து போன் வருகிறவரைக்கும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. பேசியது கருத்தம்மா. சைரன் கேட்டதும் மாந்தோப்பு வழியாக ஓடி, ரோட்டில் வந்த ஜீப்பில் ஏறியிருக்கிறாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"நீ பாத்துக்கிட்டுத்தான இருப்பேன்னு தைரியமாப் போனேன் தாயி."

கலையரசிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பாக்கல ஆத்தா. எனக்குப் படமே வரல. பாக்காமத்தான் அடிச்சேன். அதுக்கும் அஞ்சு நிமிசம் யோசிச்சேன்."



"இனிமே யோசிக்காத," என்றாள் கருத்தம்மா. "மாடா இருந்தா ஓடுனது ஓடுனதா இருந்துட்டுப் போகுது. திரும்பி வந்து புல்லறுத்துக்கிறேன்."