ஒரு ‘யா’வில் போன சால்மன்

டென்மார்க்கில் ஒருநாள் அட்டை எடுத்து சால்மன் பிடிப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். போன மாதம், ஜூன் இரண்டாம் சனிக்கிழமை, அதற்கென்றே போய் வந்தேன். விவரமெல்லாம் தருகிறேன். ஆனால் ஆறிய மனதோடு எழுதுகிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். எத்தனையோ நாளாகியும் கோபம் இறங்கவில்லை.

கூட வந்தவர் வரதன் அண்ணை. கோல்டிங்கில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருட வேலை. ஆறு வருடமாக ஸ்கெர்ன் ஆற்றுக்குப் போகிறார், ஒரு சால்மன்கூட மாட்டியதில்லை. வீட்டில் அவருக்கு வைத்த பெயர் “ஆறு பாக்கப் போறவர்”. முழங்கால் வருத்தம் வேறு. காரில் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

“தம்பி, இண்டைக்கும் வெறுங்கையோடை வந்தா தூண்டிலை ஆருக்கும் குடுத்திடுவன். இனி இந்த முழங்காலோடை என்னாலை ஏலாது.”

காலை நாலரைக்குப் புறப்பட்டோம். ஜூனில் அந்நேரமே விடிந்துவிடும். ஆற்றங்கரை வாகனத் தரிப்பிடம் வரை 96 கிலோமீற்றர், ஒரு மணி இருபது நிமிடம். இரண்டு அட்டைகள் வேண்டும். ஒன்று அரசாங்கத்தின் மீன்பிடி அனுமதி, மற்றது ஆற்றின் அந்தப் பகுதிக்கான ஒருநாள் அட்டை. பின்னது எங்களுக்கு ஆளுக்கு 250 குரோனர். முதல்நாளே இணையத்தில் எடுத்துவிட்டோம்.

சட்டத்தையும் சொல்லவேண்டும். ஒரு ஆள் வருடத்துக்கு ஒரு சால்மன்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். 75 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பெரிய மீன்களின் ஒதுக்கீடு நாங்கள் போனபோது முடிந்திருந்தது, ஆகவே பெரியது மாட்டினால் திரும்ப விடவேண்டும். இல்லாவிட்டால் ஆற்றில் மீனே மிஞ்சாது. இதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

மூன்று மணித்தியாலம் ஒன்றுமில்லை. நாணலும் காற்றும் கடிக்கிற நுளம்பும்தான். ஒன்பது இருபதுக்கு அண்ணையின் தூண்டில் தடி வளைந்தது. அவர் கத்தவே இல்லை, வாய் மட்டும் திறந்தபடி நின்றது. கால் மணித்தியாலம் இழுத்து, நான் அத்தாங்கை, அதுதான் கைப்பிடி வலையை, நீருக்குள் பிடிக்க, மீன் உள்ளே வந்தது. வெள்ளிபோல் மினுங்கியது. கண்ணளவில் எழுபது தேறாது. ஆனாலும் அளக்காமல் எடுக்கக்கூடாது. அளவு நாடாவை நான், இந்த மடையன்தான், காரில் விட்டுவிட்டேன்.

“ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா தம்பி, நான் தண்ணிக்கை வைச்சிருக்கிறன்” என்றார் அண்ணை.

கார் நானூறு மீற்றர் தள்ளி நின்றது. போய்வரப் பத்து நிமிடம். வந்து பார்த்தால் அத்தாங்கு புல்லில் கிடக்கிறது, வெறுமையாக. பக்கத்தில் மீன்பிடிச் சங்கத்தின் கண்காணிப்பாளர், ஐம்பது வயது மதிக்கத்தக்க டேனிஷ்காரர், குறிப்பேட்டை மூடிக்கொண்டிருந்தார். அண்ணை ஆற்றைப் பார்த்தபடி இருந்தார்.

“மீன் எங்கை?”

“விடச் சொன்னவர். விட்டிட்டன்.”

“ஏன்? பெரிசோ?”

“தெரியேல்லை. இந்த வருசம் நீ சால்மன் ஒண்டும் கொண்டுபோகேல்லையோ எண்டு கேட்டவர். நான் ‘யா, யா’ எண்டனான். அப்பிடியெண்டா இதை விடு எண்டிட்டார்.”

எனக்கு விளங்கிவிட்டது. “கொண்டுபோகவில்லையா?” என்று கேட்டால் நாங்கள் “ஓம்” என்போம். ஓம், நீ சொன்னது சரி, கொண்டுபோகவில்லை என்று அர்த்தம். டேனிஷ்காரர் அந்த இடத்தில் “நை” என்று சொல்லவேண்டும், அதாவது இல்லை என்று. அண்ணை ஓமை அப்படியே டேனிஷில் “யா” ஆக்கிவிட்டார். அந்த மனிதர் விளங்கிக்கொண்டது, “ஆமாம், ஏற்கெனவே ஒன்று கொண்டுபோய்விட்டேன்” என்று.

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரே ஒரு தரம் திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா? அவர் கையில் போன் இருக்கிறது, பிடித்த மீன்களெல்லாம் பெயரோடு அதில் பதிவாகின்றன. இப்போதாவது பாருங்கள் என்று டேனிஷில் சத்தம் போட்டேன். பார்த்தார். அண்ணையின் பெயரில் ஒன்றுமில்லை. காது வரை சிவந்துபோனார்.

“இது என் பிழை, மன்னிக்கவேண்டும்” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நாள் இன்னும் இருக்கிறதே, இன்னொன்று பிடிக்கலாம்” என்றும் சொன்னார். கடையில் இன்னொரு பாண் எடுக்கலாம் என்கிற மாதிரி! ஆறு வருடத்தில் ஒன்று வந்திருக்கிறது ஐயா என்று நான் கத்த, அண்ணை என் கையைப் பிடித்து இழுத்தார்.

மாலை ஆறு மணிவரை நின்றோம். இன்னொன்று வரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை இதற்கு முன் சும்மா சொல்லித் திரிந்திருக்கிறேன்.

போகிறவர்கள் கவனிக்கவேண்டியது: அளவு நாடா சட்டைப்பையில் இருக்கட்டும். தண்ணீரில் இறங்கி நிற்க இடுப்பளவு ரப்பர் சப்பாத்து அவசியம். யாராவது “இல்லையா, பிடிக்கவில்லையா” என்று கேட்டால் யாவும் வேண்டாம், நையும் வேண்டாம். “இந்த வருடம் நான் ஒரு மீனும் கொண்டுபோகவில்லை” என்று முழு வசனமாகச் சொல்லுங்கள்.

இந்தப் புத்திமதியை நான் அண்ணைக்கு என்றோ சொல்லியிருக்கவேண்டும். டொக்டரிடமும் வங்கியிலும் அவருக்காக மொழிபெயர்க்கப் போகும்போதெல்லாம் இந்த யாவைக் கேட்டிருக்கிறேன். வெளியே வந்து பகிடி பண்ணிச் சிரித்தேனே தவிர ஒருநாளும் திருத்தவில்லை. அந்த டேனிஷ்காரரில் வந்த கோபத்தில் பாதி எனக்கு உரியது. பட்டென்று மீனை விட்டுவிட்டு நின்ற அண்ணையிலும் கோபம்தான். நான் வரும்வரை ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் என்ன?

திரும்பி வரும்போது அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். கோல்டிங் கிட்ட வந்ததும் மெல்லக் கேட்டார்.

“தம்பி, உனக்கு என்னிலை கோவம் இல்லைத்தானே?”

“ஓம்” என்றேன்.

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கண்காணிப்பாளர் பக்கத்தில் இருந்திருந்தால், அன்றைக்கு முதல் தடவையாகச் சரியாக விளங்கியிருப்பார்.