கழுவாத புனல்

எங்கள் வீடு பாகூர் பக்கம். காலையில் மாட்டைக் கறந்துவிட்டு, கிருமாம்பாக்கம் வந்து பஸ் பிடித்து, ஒரு கல்லூரியின் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போகிறேன். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவதுதான் வேலை. குழாய்த் தண்ணீரில் மூன்று தடவை, சுத்திகரித்த தண்ணீரில் மூன்று தடவை. நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். அங்கே நாலு பேர் சேர்ந்து நின்றால் தொட்டிப் பக்கம் ஒதுங்கிவிடுவேன்.

ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவர் மட்டும் என்னிடம் வந்து பேசுவார். வண்டிக்குப் போடும் கிரீஸில் கலக்கும் கறுப்புப் பொடியைத் தண்ணீரில் போட்டு, அதிரும் தொட்டியில் மணிக்கணக்காக வைத்திருப்பார்.

"இன்னா மேடம் இது, மையா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"புத்தகம் மாதிரிண்ணே. அடுக்கடுக்கா இருக்கும். ஒவ்வொரு ஏடா உரிக்கிறேன். கண்ணுக்கே தெரியாது, அவ்ளோ மெல்லிசு."

அந்த ஏடுகளைச் சின்னத் தகட்டில் பூசி, கறுப்புப் பெட்டிக்குள் வைத்து மின்சாரம் கொடுத்தால் வெளிச்சம் வரும். பச்சைப் பாலில் ஒரு நொதி இருக்கிறது, நன்றாகக் காய்ச்சினால் அழிந்துவிடும் என்றார். தகட்டில் விடும் பாலில் நொதி இருந்தால் வெளிச்சம் கூடும், கணினியில் கோடு எழும். பால் சரியாகக் காய்ந்ததா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

சோதித்துப் பார்க்க எங்கள் வீட்டுப் பாலைக் கேட்டார். ஒரு பாட்டிலில் பச்சைப் பால், இன்னொன்றில் காய்ச்சி ஆறிய பால் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பச்சைப் பாலுக்குக் கோடு எழுந்தது. காய்ச்சிய பாலுக்கும் கொஞ்சம் எழுந்தது. மறுபடி செய்தார். மறுபடியும் அப்படியே. பேராசிரியர் வந்து பார்த்தார்.

"இல்லாத நொதியக் காட்டுதுன்னா இத எவன் நம்புவான்? ரெண்டு வருஷம் போச்சும்மா. இந்தப் பொடிய வுட்டுடு. வேற ஒண்ணப் பாரு."

அந்தப் பெண் கறுப்புப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கேட்டேன். "பால நல்லாத்தான காச்சுன?"

"பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிது. பாட்டில்ல ஊத்துனது நீதான? புனலக் கழுவுனியா?"

கழுவவில்லை. பச்சைப் பால் ஊற்றிய புனலை உதறிவிட்டு, அதிலேயே ஆறிய பாலையும் ஊற்றியிருந்தேன்.

"ஊரு சாமானெல்லாம் ஆறு வாட்டி கழுவுவாரு. வூட்டுப் புனல ஒரு வாட்டி கழுவ மாட்டாரு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் புனலைக் கழுவி, புதுப் பாட்டில்களில் இரண்டு பாலும் எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் கறுப்புப் பொடிப் பாட்டில்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேராசிரியர், இரண்டு மாணவர்கள். நான் வழக்கம்போல் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். கையில் கழுவ ஒன்றுமில்லை. குழாயை மூடிவிட்டுத் திரும்பினேன்.

"புனல் கழுவல சார்."

"இன்னாயா?"

தட்டுத் தடுமாறி நடந்ததைச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

"நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"நேத்து வூட்டுக்குப் போனப்புறந்தான் எனக்கே தெரிஞ்சிது சார்."

அந்தப் பெண் பெட்டியை அப்படியே விட்டு எழுந்தார். "அப்ப புனல்ல ஒட்டியிருந்ததத்தான் சார் காட்டியிருக்கு!"

புதுப் பாலை வைத்துப் பார்த்தார். காய்ச்சிய பாலுக்குக் கோடு எழாமல் படுத்தே கிடந்தது. அதிலேயே பச்சைப் பால் ஒரு சொட்டு கலந்தார். கோடு எழுந்தது.

"இன்னொரு வாட்டி போடு" என்றார் பேராசிரியர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. மூன்றாவது வாட்டிக்குப் பிறகு, பெட்டியிலிருந்த பாட்டில்களை அவரே எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒரே மாட்டுப் பால் போதாதுண்ணே" என்றார் அந்தப் பெண். "நாலு வூட்டுப் பால் வேணும். கேட்டு வாங்கியாருவீங்களா?"

சரி என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

"நீயா போய்க் கேக்கப்போற?" என்றாள் மனைவி. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எதிர் வீட்டு வாசலில் நின்று செருமினேன்.

"இன்னாபா?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

பச்சைப் பாலில் ஒரு நொதி இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன்.